பட்டினி கிடந்த கிழக் குதிரைக்குக் கொள்ளா?

உப்புவெளியான்:
கடற்கரையில சவாரிக்கு ஓட்டி, முதுகு புண்ணாகி, விலா தெரியிற கிழக் குதிரையை மீட்டவைக்கு இங்க ஒராள் எழுதியிருக்கிறார்: "முதல் நாளே ரெண்டு கிலோ அவிச்ச கொள்ளும் தவிடும் வையுங்கோ, ஒரு கிழமையில தேறும்." தேறாது. மூண்டாம் நாளுக்கும் அஞ்சாம் நாளுக்கும் இடையில விழும். மாச்சத்து வயித்துக்குள்ள போனதும் இன்சுலின் ஏறும். இரத்தத்தில மிஞ்சியிருக்கிற பொஸ்பரசும் மக்னீசியமும் கலங்களுக்குள்ள போக, இதயம் நிண்டிடும். காய்ஞ்ச லூசேர்ன் (குதிரைமசால் எண்ட தீவனச் செடி) குடுங்கோ: 450 கிலோ குதிரைக்கு ஒருதரம் அரைக் கிலோ, நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, மூண்டு நாள். மட்டக்குதிரைக்கு அதிலும் குறைய.

கொட்டியாரத்தான்:
எழுதினது நான்தான். கொள்ளுத் தின்னாத குதிரை எங்க இருக்கு? பொஸ்பரசு குறையுமெண்டு நீங்களே சொல்லுறியள். தவிட்டில பொஸ்பரசு நிறைய. பிறகென்ன?

உப்புவெளியான்:
அதில பெரும்பங்கு பைட்டேற்று எண்ட சேர்மமாக் கட்டுண்டு கிடக்கு, உடம்புக்கு லேசில எடுபடாது. தவிட்டிலயும் மாச்சத்து இருக்கு. மாசக்கணக்கா வைச்சா கல்சியம் இழந்து முகவெலும்பு வீங்கும்.

நெடுந்தீவான்:
எங்கட நெடுந்தீவில திரியிற காட்டுக் குதிரையளுக்கு ஆர் கொள்ளு அவிக்கினம்? புல்லுத்தான்.

கொட்டியாரத்தான்:
கோடையில தண்ணியில்லாமல் அதுகள் சாகிறதையும் எழுதுங்கோ தம்பி. கொள்ளு கொள்ளுதான்.

நெடுந்தீவான்:
தண்ணிக்கும் கொள்ளுக்கும் என்ன சம்பந்தம் அண்ணை? தீவை இழுக்காதேங்கோ.

கன்னியாக்காரி:
ஒருத்தரும் பல்லைப் பாக்கேல்லை. 20 வயசு தாண்டினா கடைவாய்ப்பல்லு தேஞ்சு, ஓரம் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும். மென்ட புல்லை உருண்டையாத் துப்பினா, லூசேர்னை ஊறவைச்சுக் குடுங்கோ. வைக்கல் வேண்டாம், மெல்லாமல் விழுங்கிக் குடல் அடைக்கும். வெக்கையான கச்சான் காத்து அடிக்கிற நாளில தண்ணித் தொட்டி ஒருக்காலும் காயக்கூடாது. பூச்சி மருந்தை முதல் கிழமையில தொடாதேங்கோ.

கொட்டியாரத்தான்:
திருகோணமலையில லூசேர்ன் எந்தக் கடையில இருக்கு? கொழும்பிலயிருந்து வரும்வரைக்கும் குதிரை பட்டினியோ? கொள்ளு சந்தையில கிடைக்குது. இல்லாட்டி வேலியில நிக்கிற இப்பில் இப்பில் குழையை வெட்டிப் போடுங்கோ.

கன்னியாக்காரி:
அந்தக் குழையில மிமோசீன் எண்ட நஞ்சு இருக்கு. பிடரிமயிரும் வால்மயிரும் கொட்டும். மாட்டுக்குச் சொல்லுறதைக் குதிரைக்குச் சொல்லாதேங்கோ.

உப்புவெளியான்:
லூசேர்ன் இல்லையெண்டா நல்லாக் காய்ஞ்ச புல்லை அதே அளவில, அதே நேரத்துக்கு. நாலாம் நாளிலயிருந்து பத்தாம் நாள் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுங்கோ. அதுவரைக்கும் தானியமும் இல்லை, கொள்ளும் இல்லை. முந்தி ஒருக்கா ஆட்டுக்குட்டி வாக்குவாதத்திலயும் இப்படித்தான் ஒத்தைக் காலில நிண்டனியள்.

கொட்டியாரத்தான்:
ஆட்டுக்குட்டியை இஞ்ச கொண்டுவராதேங்கோ, அதில நான் சொன்னதுதான் சரி. அவிச்ச கொள்ளு சமிக்கும்.

உப்புவெளியான்:
சமிக்கிறதுதான் ஆபத்து. மாச்சத்து சமிச்சாத்தானே இன்சுலின் ஏறும்!

கொட்டியாரத்தான்:
ரெண்டு கிலோ. அவிச்சு, ஆறவிட்டு. சொன்னது சொன்னதுதான்.