தொப்பையா, எடையா: எதைப் பார்த்துப் பயப்படுவது?

காவேரிப்பட்டணத்தான்: சித்தப்பாவுக்குச் சர்க்கரை என்று ரிப்போர்ட் வந்ததும் வீட்டில் யாரும் நம்பவில்லை. 165 செ.மீ. உயரம், 62 கிலோ. கை கால் ஒல்லி, வயிறு மட்டும் சட்டைப் பட்டனை இழுத்துக்கொண்டு நிற்கும். எடை மெஷினை நம்பியது போதும், இடுப்பை அளக்க வேண்டும் என்கிறேன்.

பாலக்கோடு மணி: தொப்பை என்ன நேற்று முளைத்ததா? என் தாத்தாவுக்கும் இருந்தது. மூன்று வேளையும் களி, 85 வயது வரை காட்டு வேலை. டேப்பைக் காட்டி ஆளை மிரட்டாதீர்கள். எடை சரியாக இருந்தால் போதும்.

காவேரிப்பட்டணத்தான்: அந்தச் சரியான எடைதான் ஏமாற்றுகிறது அண்ணே. புனே டாக்டர் யாஜ்னிக், இங்கிலாந்து டாக்டர் யுட்கின் இருவரும் சேர்ந்து நிற்கும் படம் 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இரண்டு பேருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் கணக்கு, 22.3. உடம்பில் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2!

ஓசூர் செவிலி: கொழுப்பு எங்கே தங்குகிறது என்பதுதான் விஷயம். தொடையில், தோலுக்கடியில் சேர்வதால் அவ்வளவு தொல்லை இல்லை. குடலைச் சுற்றிச் சேர்வது கொழுப்பு அமிலத்தை நேராகக் கல்லீரலுக்கு அனுப்பும், இன்சுலின் பேச்சு எடுபடாது. சர்க்கரை, பிரஷர், மாரடைப்பு எல்லாம் வர அதுவும் ஒரு வழி. நம் ஆட்களில் இடுப்புச் சுற்றளவுக்கு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செ.மீ. எல்லை. லுங்கி கட்டும் இடத்தில் அளக்காதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும்.

பாலக்கோடு மணி: வீட்டம்மாவுக்கு 86 வருகிறது. மூன்று பிள்ளை பெற்றவள், விடிந்ததிலிருந்து தக்காளிக் காட்டில் குனிந்து நிமிர்கிறாள். அவளும் நோயாளியா?

ஓசூர் செவிலி: நோயாளி என்று யார் சொன்னது அண்ணா? மாதவிடாய் நின்றபின் பெண்களுக்குக் கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேரத் தொடங்கும். அதனால் சர்க்கரையும் பிரஷரும் பார்த்துவிடுங்கள். வீடு தேடி வந்து இதையெல்லாம் பார்க்கும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீட்டுக்கு வருகிறவர்களிடமே கேட்கலாம்.

பாலக்கோடு மணி: பார்க்கிறோம். ஆனால் களியைக் குறை சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

காவேரிப்பட்டணத்தான்: களியை யார் சொன்னார்கள்? தாத்தா தின்றது காட்டிலேயே கரைந்தது. சித்தப்பாவுக்குக் கம்பெனியில் உட்கார்ந்த வேலை, ஷிப்ட் முடிந்தால் பரோட்டா.

பாலக்கோடு மணி: சரி, தொப்பை மட்டும் குறைய என்ன எக்சர்சைஸ்?

ஓசூர் செவிலி: அப்படி ஒன்று கிடையாது. தினமும் வேர்க்கிற அளவுக்கு வேகமாக நடந்தால், எடை பெரிதாக இறங்காவிட்டாலும் உள்ளே இருக்கும் கொழுப்பு குறையும். சித்தப்பாவுக்கும் அதையே சொல்லுங்கள்.