4 ஜிபி லப்டொப்புக்கு இப்பவே ராம் போடுறதா, விலை இறங்குமட்டும் பாத்துக்கொண்டிருக்கிறதா?

உப்புவெளிப் பெடியன்

வணக்கம் எல்லாருக்கும், அக்கான்ட லப்டொப் விசயமா ஒரு யோசினை கேக்கத்தான் வந்தனான். அவ வீட்டில இருந்து கலியாணக் காட், சாமத்திய வீட்டுக் காட், கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி பனர் எல்லாம் டிசைன் செய்து டவுனில இருக்கிற பிரிண்டிங் கடையளுக்குக் குடுக்கிறவ. மிசின் 2018 இல வாங்கினது, ஐ3 7020யூ சிப், 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. காலம ஒன் பண்ணிப்போட்டு தேத்தண்ணி வச்சுக் குடிச்சு கோப்பையும் கழுவி வச்சிட்டு வந்தாலும் வட்டம் சுத்திக்கொண்டுதான் நிக்கும். ஃபோட்டோஷொப்போட குரோமையும் திறந்து வாட்ஸ்அப் வெப்பில கஸ்டமர் அனுப்பின படத்தை எடுக்கப் போனா மவுஸே அசையாது. கலியாணக் காட் எண்டா பரவாயில்ல, செத்த வீட்டு ஓடர் ரெண்டு மணித்தியாலத்தில குடுக்கோணும், அதுக்குள்ள இது இழுத்துக்கொண்டு நிண்டா அவ அழுறா.

டவுனில ஒரு கடையில கேட்டன், "இது பழசு தம்பி, இதுக்குக் காசு போடாம புதுசு எடுங்கோ" எண்டாங்கள். இன்னொரு கடையில "8 ஜிபி ஒண்டு போட்டா பறக்கும்" எண்டாங்கள், ஆனா சொன்ன விலை போன வருசம் என்ட பிரெண்ட் ஒருத்தன் குடுத்ததில ரெண்டு மடங்குக்கு மேல. அக்கா சொல்றா விலை இறங்கட்டும் எண்டு. நான் சொல்றன் இனி இறங்காது எண்டு. ஆர் சரி? போடுறதெண்டா எவ்வளவு போடுறது?

உவர்மலைக்காரன்

தம்பி, கடைக்காரர் ரெண்டு பேருமே மிசினைத் திறந்து பாக்காமத்தான் கதைச்சிருக்கினம், நீங்களும் பாக்காமத்தான் கேக்கிறீங்கள் 😀 முதல்ல அக்கா உச்ச வேலையில இருக்கேக்க, அதாவது மவுஸ் அசையாம நிக்கிற அந்த நேரத்தில, கொன்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் மூண்டையும் சேத்து அமத்தி டாஸ்க் மனேஜரைத் திறந்து பெர்போமன்ஸுக்குப் போய் மெமரியை ஒரு படம் எடுங்கோ, டிஸ்கையும் ஒரு படம் எடுங்கோ. சும்மா இருக்கேக்க எடுத்த நம்பரால ஒரு பிரயோசனமும் இல்ல.

மெமரியில "இன் யூஸ்" எண்டதை விட அதுக்குப் பக்கத்தில இருக்கிற "கமிட்டட்" எண்ட நம்பரைப் பாருங்கோ. திறந்து வச்சிருக்கிற புரோகிராம் எல்லாம் சேந்து எவ்வளவு இடம் கேட்டு வாங்கி வச்சிருக்கெண்டு அதுதான் காட்டும். அவ்வளவையும் உண்மையா பாவிக்குதெண்டில்ல, ஆனா ராமை விட அது ரெண்டு மடங்கு மூண்டு மடங்கு போச்செண்டா மிச்சத்தை விண்டோஸ் ஹார்ட் டிஸ்கில கொண்டுபோய் வச்சு எடுத்து வச்சு எடுத்து மாரடிக்குது எண்டு நினைக்கலாம். ராமில இருந்து ஒண்டை எடுக்க 100 நனோசெக்கன் அளவில போகும், சுத்துற ஹார்ட் டிஸ்கில தேடி எடுக்க 10 மில்லிசெக்கன் அளவில, அது ஒரு லட்சம் மடங்கு.

அதே பக்கத்தில ஸ்லொட் (ராம் குத்துற இடம்) எத்தினை, ஃபோம் ஃபக்டர் (ராம்ட வடிவம்) என்னெண்டும் இருக்கும். "ரோ ஒஃப் சிப்ஸ்" எண்டு கிடந்தா அது போர்டோட ஒட்டின ராம், கழட்டேலாது. அதையும் சொல்லுங்கோ.

கோணேசபுரி கெம்பஸ்

நானும் இதுக்குள்ள ஒண்டு கேக்கிறன் குறை நினைக்காதைங்கோ. என்ட மிசின் 8 ஜிபி, எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்குக்குப் பதிலா வாற, சுத்தாத சிப் டிஸ்க்), ஒண்டும் பெருசா திறக்காமலே 60, 65 வீதம் காட்டுது. புரோஜெக்டுக்கு ஃபோன் அப் செய்யிற அண்ட்ரொய்ட் ஸ்டூடியோ வேற போடோணும். நானும் கூட்டோணுமா?

உவர்மலைக்காரன்

65 வீதத்தைக் கண்டு பயப்பிடாதைங்கோ, வேலை கேட்டா விண்டோஸ் சிலதைச் சுருக்கி இடம் எடுத்துக்கொள்ளும், அதுக்கு மேல கஷ் எண்டு நிக்கிறது கேட்ட உடன விடுற இடம். வெறும ராம் வச்சு என்ன செய்யிறது. ஆனா அண்ட்ரொய்ட் ஸ்டூடியோவோட எமுலேட்டரும் (கணினிக்குள்ளயே ஃபோன் மாதிரி ஓடுறது) ஓடவேணுமெண்டா 8 இல மூச்சு முட்டும், அதுக்கு முதல் உங்கட ஃபோனை கேபிளில குத்தி அதிலயே அப்பை ஓட்டிப் பாருங்கோ, எமுலேட்டர் தேவையே வராது. அப்பவும் இழுத்தா வாங்கோ.

உப்புவெளிப் பெடியன்

படம் எடுத்தாச்சு. பொலித்தீன் பனர் ஒண்டு செய்துகொண்டிருக்கேக்க எடுத்தது. இன் யூஸ் 3.6 / 3.9, கமிட்டட் 9.8 / 11.2, டிஸ்க் 100 வீதத்தில ஒட்டிக்கொண்டு நிக்குது. ஸ்லொட் 2 இல 1, அந்த ஒண்டு ரோ ஒஃப் சிப்ஸ் எண்டு கிடக்கு. அப்ப இன்னொண்டு வெறுமையா இருக்குத்தானே?

தம்பலகாமத்தான்

9.8 ஆ!! யோசிக்காம 16 ஜிபி ஒண்டு வாங்கிக் குத்துங்கோ மச்சான், இண்டைக்கே. விலை இறங்குமெண்டு காத்திருந்தா நிண்ட இடத்திலயே நிப்பீங்க. உலகத்தில ராம் செய்யிறது பெரிய கம்பனி எண்டா மூண்டுதான், சம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன். மூண்டு பேரும் இப்ப ஏஐ சேர்வருக்குப் போற மெமரிக்குப் பின்னால ஓடுறானுகள், டிடிஆர்4 எண்ட பழைய வகை ராமைக் குறைச்சிட்டு வாறானுகள். 2025 டிசம்பரில மைக்ரோன் தன்ட குருஷியல் எண்ட பேரில எங்கள மாதிரி ஆக்களுக்கு வித்ததையே நிப்பாட்டப் போறன் எண்டு சொல்லிட்டான். இதுக்குள்ள எங்கத்தையால இறங்குறது.

கிண்ணியா ரிப்பேர்

தம்பலகாமத்துத் தம்பி விலைக்கதை சொன்னது சரி, 16 எண்டது பிழை. நான் மிசின் திறக்கிறதே தொழிலா செய்யிறவன், கேளுங்க.

ஒண்டு, அது 7ஆம் தலைமுறை சிப். விண்டோஸ் 11 க்கு மைக்ரோசொஃப்ட் கேக்கிறது 8ஆம் தலைமுறையில இருந்து. விண்டோஸ் 10 க்கு சப்போர்ட் 2025 ஒக்டோபர் 14 ஓட முடிஞ்சு, பதிஞ்ச ஆக்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் குடுக்கிறாங்க, அவ்வளவுதான். ஆக அந்த மிசின்ட ஆயுசு எவ்வளவெண்டு உங்களுக்கே தெரியும். ரெண்டு, புது லப்டொப் வாங்குற காலத்தில அதுல புது வகை டிடிஆர்5 தான் இரிக்கும், இந்த டிடிஆர்4 குச்சியக் கழட்டி அதுல போடேலா, வெட்டு இரிக்கிற இடமே வேற. அப்ப 16 க்குக் குடுக்கிற காசு இந்த மிசினோடயே மண்ணுக்குப் போற காசு.

மூணாவது, டிஸ்க் 100 எண்டு சொன்னீங்களே, அதுதான் எனக்குப் பெரிசாப் படுது. கிண்ணியாப் பாலம் 2009 இல துறக்க முந்தி நாங்க பாதையில, அதான் ஆள், சாமான் ஏத்தி அக்கரைக்குக் கொண்டுபோற மிதவையில, நிண்ட கதை உங்கட வயசுக்குத் தெரியாது. பாதை போய்த் திரும்பி வருமட்டும் இக்கரையில சைக்கிள், சாமான், ஆஸ்பத்திரிக்குப் போற சனம் எல்லாம் வரிசையில. ஹார்ட் டிஸ்க் அந்தப் பாதை. எஸ்எஸ்டி பாலம். ராம் கூட்டுறதெண்டா சாமான வீட்டுலயே வாங்கி வச்சி அக்கரைக்குப் போற தேவையக் குறைக்கிறது. தேவையக் குறைச்சாலும் காலைல மிசின் ஒன் ஆகக்குள்ள எல்லாம் அக்கரைல இருந்துதானே வரணும், தேத்தண்ணிக் கதை அதுதான். 8 ஜிபி போட்டாப் பறக்கும் எண்டு சொன்ன கடைக்காரர் இதச் சொல்லல்ல. முதல்ல எஸ்எஸ்டி போடுங்க, 256 ஜிபி ஓட சின்னனா எண்டாலும்.

உவர்மலை அக்கா

ஆம்பிளையள் எல்லாரும் சாமான் வாங்கிற கதையிலயே நிக்கிறீங்கள். தம்பி, உங்கட அக்கா பனர் செய்யேக்க ரெசலூஷன், அதாவது ஒரு அங்குலத்துக்கு எத்தினை புள்ளி, எவ்வளவு வைக்கிறவ எண்டு ஒருக்கா கேளுங்கோ. நானும் இதே தொழில்தான், அதான் கேக்கிறன்.

உப்புவெளிப் பெடியன்

அக்கான்ட்ட கேட்டன், எல்லாத்துக்கும் 300 தானாம். கிளாஸில அப்பிடித்தான் படிப்பிச்சவையாம்.

உவர்மலை அக்கா

நினைச்சன். 300 கையில வச்சுப் பாக்கிற காட்டுக்கு. 10 அடிக்கு 4 அடி பனர் எண்டு எடுங்கோ, 120 அங்குலம், 48 அங்குலம். 300 இல வச்சா 36,000 க்கு 14,400, கிட்டத்தட்ட 51 கோடியே 84 லட்சம் புள்ளி. ஒரு புள்ளிக்கு 3 பைட் எண்டாலும் ஒரு லேயர் மட்டும் 1.5 ஜிபி வரும், அச்சுக்குப் போற நாலு மை நிறத்தில (சிஎம்வைகே) எண்டா அதுக்கும் மேல. அதுக்கு மேல பூ ஒரு லேயர், விளக்கு ஒரு லேயர், அன்னாரின் படம் ஒரு லேயர்... 4 ஜிபி மிசின் அழாம என்ன செய்யும். அதையே 100 இல வச்சா 12,000 க்கு 4,800, ஒன்பதில ஒண்டு, 170 எம்பி சொச்சம். மதிலில கட்டித் தெருவில நிண்டு பாக்கிற பனருக்கு 100 தாராளம், நான் பெரிய பனருக்கு 72 இலயும் குடுத்திருக்கிறன், ஒருத்தரும் ஒண்டும் சொன்னதில்ல. கலியாணக் காட்டை மட்டும் 300 இலயே வச்சிருக்கச் சொல்லுங்கோ.

எழுத்து, போடர் இதுகளை இல்லஸ்ட்ரேட்டரில போட்டா இன்னும் லேசு. குரோமில டப் இருபது திறந்து வைக்கிற பழக்கம் இருந்தா அதையும்... என்ட வீட்டிலயும் அந்த வருத்தம் இருக்கு, சொல்ல எனக்கு வாய் இல்ல.

தம்பலகாமத்தான்

அப்ப ராமே வேணாமெண்டா சொல்றீங்க? 4 ஜிபி இந்தக் காலத்தில என்னத்துக்குக் காணும், விண்டோஸே பாதியைத் திண்டுடும்.

கிண்ணியா ரிப்பேர்

வேணாமெண்டு ஆரும் சொல்லல்ல தம்பி. பனர 100 க்கு மாத்தி ரெண்டு நாள் வேல செஞ்சிட்டு கமிட்டட் எவ்வளவெண்டு பாத்து அதுக்கேத்த குச்சி வாங்குறது. 7 கிட்ட வந்தா 4 ஜிபி குச்சியே போதும், ஒட்டின 4 ஓட சேந்து 8. அப்பவும் 9, 10 எண்டு நிண்டா 8 குச்சி. 4 க்கு 4 எண்டு சமமாப் போட்டா ரெண்டும் சேந்து டுவல் சனலில, அதாவது ரெண்டு வழியாலயும் ஒரே நேரத்தில, ஓடும், கிரஃபிக்ஸ் சிப்பும் அந்த ராமையேதான் பாவிக்கிற மிசின் எண்டதால அதுலயும் ஒரு நன்மை இரிக்கு.

வாங்கக்குள்ள கவனம், 7020யூ வில டிடிஆர்4 க்கு முந்தின வகை டிடிஆர்3எல் போட்டும் போர்ட் செய்யலாம், அதனால தலைமுறையப் பாத்து டிடிஆர்4 தான் எண்டு முடிவெடுக்காதீங்க, திறந்தோ சிபியூ-ஸெட் எண்ட புரோகிராமில பாத்தோ நிச்சயப்படுத்துங்க. போன மாசம் ஒரு புள்ள கொழும்பில இருந்து டெஸ்க்டொப்புக்குப் போடுற நீளக் குச்சிய வாங்கிக்கிட்டு வந்திச்சு, லப்டொப்புக்கு வாறது அதுல பாதி நீளம். திருப்பிக் குடுக்கவும் ஏலாமப் போச்சி. குச்சியில வேகம் 2400, 3200 எண்டு கூட இருந்தாக் காரியமில்ல, இந்தச் சிப்புக்கு 2133 இல இறங்கி ஓடும், 3200 எண்டதுக்காக ஒரு ரூவா கூடக் குடுக்காதீங்க.

ஓய்வுபெற்ற வாத்தியார்

பிள்ளையள், எனது பழைய கணினியில் 4 ஜிபி போட்டும் 3.2 தான் காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ?

உவர்மலைக்காரன்

இல்ல சேர், உங்கட விண்டோஸ் 32 பிட்டா இருக்கும். அது மொத்தமா 4 ஜிபிக்குத்தான் முகவரி குடுக்கும், அதுக்குள்ளயும் ஹார்ட்வெயருக்கு ஒரு பங்கு போயிடும். 64 பிட் போட்டா காட்டும். கடைக்காரரைப் பேசிப்போடாதைங்கோ.

உப்புவெளிப் பெடியன்

ரெண்டு கிழமைக்குப் பிறகு எழுதுறன், அந்தரிச்சுக் கேட்டிட்டுக் காணாமப் போயிட்டன் எண்டு நினைச்சிருப்பீங்கள்.

பனரை 100 க்கு மாத்தின அண்டைக்கே கமிட்டட் 9.8 இல இருந்து 6.7 க்கு வந்திட்டுது, ஒரு சதம் செலவில்லாம. எஸ்எஸ்டி 256 ஒண்டு வாங்கி கிண்ணியா நானாட்டயே கொண்டுபோய் குடுத்தன். திறந்து பாத்தா டிடிஆர்4 தான். நானாட்ட திரை உடைஞ்ச லப்டொப் ஒண்டில கழட்டின 4 ஜிபி குச்சி கிடந்தது, புதுசில அரைவாசிக் காசுக்குத் தந்தவர். முதல் குத்தேக்க ஒண்டும் வரேல்ல, கறுப்புத் திரைதான், எனக்கு நெஞ்சு விழுந்திட்டுது. நானா சிரிச்சுப்போட்டு பற்றரியக் கழட்டி, குச்சின்ட பல்லை அழிறப்பரால தேச்சுத் துடைச்சு, சரிச்சுச் செருகி ரெண்டு கொளுக்கியும் டிக்கெண்டு விழுமட்டும் அமத்தினவர், வந்திட்டுது. கடக்கரை ஊரில இது வழமையாம், உப்புக் காத்துப் படலமாம். பழைய குச்சி எண்டதால இரவு ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86 போட்டு விட்டன், விடியுமட்டும் ஒரு பிழையும் வரேல்ல.

இப்ப இன் யூஸ் 5.9 க்கு மேல போகேல்ல, டிஸ்க் சும்மா கிடக்கு. புது லப்டொப்புக்கு எண்டு அக்கா சீட்டுக் கட்டத் தொடங்கியிருக்கிறா. அவக்கு இப்ப ஒரு முறைப்பாடுதான், காலம தேத்தண்ணி குடிக்க நேரம் கிடைக்குதில்லையாம்.

கிண்ணியா ரிப்பேர்

கழட்டின ஹார்ட் டிஸ்க்க எறிஞ்சிராதீங்க தம்பி, ஒரு யூஎஸ்பி கேஸ் வாங்கிப் போட்டு அக்காட பழைய டிசைன் எல்லாம் அதுல ஒரு கொப்பி வைங்க. எஸ்எஸ்டி சாகக்குள்ள சொல்லிக்கிட்டு சாகாது.