'தி தேர்ட் மேன்' படத்துக்குத் தமிழ் சப்டைட்டில்: ஜெர்மன் வசனத்தை என்ன செய்வது?

ரோஸ்ஹில் திரை: வணக்கம். இங்கே மொரீஷியஸில் இளைஞர்களுக்குக் கரோல் ரீடின் 'தி தேர்ட் மேன்' (1949) படத்தைப் போட்டுக் காட்டப் போகிறோம். ஆங்கில வசனத்துக்குத் தமிழில் எழுதியாயிற்று. நடுவில் வரும் ஜெர்மனையும் எழுதலாமா? இன்னொன்று, தொடக்கத்தில் சரியாக இருக்கும் எழுத்து போகப்போகப் பேச்சுக்குப் பிந்துகிறது.

காத்ர்போர்ன் அக்கா: தம்பி, ஜெர்மனைத் தொடவே வேண்டாம். மூலப்படத்திலும் அதற்கு எழுத்து கிடையாது. வியன்னாவுக்கு வரும் கதாநாயகன் ஹாலி மார்ட்டின்ஸுக்கு அந்த மொழி தெரியாது. அவன் தவிப்பு நமக்கும் வர வேண்டும். போலீஸ் கதாநாயகி அன்னாவின் அறையைக் குடையும்போது வீட்டுக்காரம்மா போர்வையைச் சுற்றிக்கொண்டு புலம்புகிறாள். பந்தோடு நிற்கும் சிறுவன் ஹாலியைக் கைகாட்ட, கூட்டமே திரும்புகிறது. அங்கெல்லாம் முகங்களே போதும்.

அதேபோல, காவலாளி நரகம் என்று மேலே விரல் காட்டுவான், சொர்க்கம் என்று கீழே காட்டுவான். அதைத் திருத்திவிடாதீர்கள். இரண்டையும் ஒரே வரியில் போட்டால் விரலுக்கு முன் எழுத்து ஓடிவிடும்; தனித்தனியாக வெட்டுங்கள்.

போர்ட்லூயி எடிட்டர்: பிந்துவதற்குக் காரணம் வேகம். உங்கள் கோப்பு நொடிக்கு 24 பிரேமுக்கு (படச்சட்டத்துக்கு) எழுதியது, டிஸ்க் நொடிக்கு 25 பிரேமில் ஓடுகிறது. ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய இரண்டரை நிமிடம் தள்ளிப்போகும். எல்லா நேரங்களையும் 0.96ஆல் பெருக்குங்கள், 'சப்டைட்டில் எடிட்' மென்பொருளில் பிரேம் வேகத்தை மாற்றினாலே போதும்.

மெதுவாகப் பிந்தாமல் ஓரிடத்தில் திடீரென்று தாவினால் பிரதி வேறு. பிரிட்டிஷ் பிரதி 104 நிமிடம், அமெரிக்கப் பிரதி 93. தொடக்க விவரணை ஹாலியாக நடிக்கும் ஜோசப் காட்டனின் குரலில் இருந்தால் அது வெட்டிய பிரதி. இயக்குநர் ரீடே பேசும் பிரதியை வாங்குங்கள்.

வெள்ளை எழுத்துக்குக் கறுப்பு விளிம்பு கட்டாயம். ஒளிப்பதிவாளர் ராபர்ட் கிராஸ்கரின் இரவுக் காட்சிகளுக்காகத் தெருக்கல்லில் தண்ணீர் அடித்து நனைத்திருக்கிறார்கள். திரையின் அடிப்பகுதியில் கல் பளபளக்கும், எழுத்து அதில் கரைந்துவிடும். படத்தின் அகலம் உயரத்தைப்போல் 1.37 மடங்குதான், அகலத்திரைக்கு இழுக்காதீர்கள். பல ஷாட்டுகள் வேண்டுமென்றே சாய்வாக எடுக்கப்பட்டவை, ப்ரொஜெக்டரைத் திருக வேண்டாம்.

காத்ர்போர்ன் அக்கா: சாக்கடைத் துரத்தலில் எதிரொலிக்கும் ஜெர்மன் கூச்சலுக்கும் இதே விதிதான். கடைசி ஷாட்டில் ஒரு நிமிடத்துக்கு மேல் பேச்சே கிடையாது, ஆன்டன் கராஸின் ஸிதர் (தந்தி வாத்தியம்) இசை மட்டும்தான். மொழிபெயர்ப்பாளர் பெயரை அங்கே போட்டுவிடாதீர்கள். திரை இருண்ட பிறகு போடுங்கள்.