மண்டபத்து ஜெனரேட்டர் புகை சமையலறைக்குள் வருகிறது. விதி ஏதும் உண்டா?

கேள்வி (தண்டையார்பேட்டை, குடும்பத்தலைவி):
வணக்கம். எங்கள் மாடி வீட்டுக்கும் பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கும் நடுவில் ஓர் ஒடுங்கிய சந்துதான். மின்சாரம் நின்றால் அங்கே 125 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் ஓடும். அதன் புகைக்குழாய் எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேரே முடிகிறது. போன முகூர்த்தத்தன்று பந்தி முடிந்து, கூட்டம் கலைந்த பிறகும் விடியும்வரை ஓடியது. காலையில் ஜன்னலின் கொசுவலையைத் துடைத்தேன். துணி கண்மை அப்பியதுபோல் ஆகிவிட்டது. பிசுபிசுவென்று, சோப்புக்கும் போகவில்லை. எட்டு வயது மகளுக்கு வீசிங் உண்டு. அன்றிரவு மூன்று முறை நெபுலைசர் வைத்தோம். மண்டபத்தில் கேட்டால், "எண்ணூர், மணலி ஆலைகளின் புகையைவிட இது பெரிதா?" என்கிறார்கள். குழாயை உயர்த்தச் சொல்ல வழி இருக்கிறதா?

பதில் (ராயபுரம், ஜெனரேட்டர் மெக்கானிக்):
இருக்கிறது அம்மா. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கு இது: ஜெனரேட்டரின் திறனைக் குறிக்கும் கேவிஏ எண்ணின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கி, கட்டடத்தின் உயரத்தோடு மீட்டரில் கூட்ட வேண்டும். 125-க்கு, மண்டபத்தின் கூரைக்கு மேல் ஏறக்குறைய இரண்டேகால் மீட்டர் வரும்.

பிசுபிசுப்பு என்றீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. அவ்வளவு பெரிய செட்டை நாலு விளக்குக்காக இரவெல்லாம் ஓட்டினால் இன்ஜின் போதிய சூடேறாது. டீசல் பாதி வெந்தும் வேகாமலும் எண்ணெய்க் கரியாக வெளியே வரும். லோடு ஏறிய பிறகும் கரும்புகை நிற்காவிட்டால் ஏர் ஃபில்டரையும் டீசலைத் தெளிக்கும் நாசிலையும் பார்க்க வேண்டும். கூட்டம் போனதும் சிறிய செட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

பதில் (எண்ணூர்):
சகோதரி, எங்கள் பெயரைச் சொல்லி உங்கள் வாயை அடைக்க விடாதீர்கள். கொசஸ்தலை ஆற்றில் படிந்த அனல்மின் நிலையச் சாம்பலைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தத் துன்பம் எனக்குத் தெரியும். ஆனால் புகையிலிருந்து கந்தகத்தை நீக்கும் கருவி இல்லாத 500 மெகாவாட் அனல்மின் அலகுக்கு 275 மீட்டர் புகைபோக்கி வைக்க வேண்டும் என்பது விதி. உங்கள் சந்தில் வரும் புகை காற்றில் கலைவதற்குள் குழந்தையின் மூக்குக்கு வந்துவிடுகிறது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே அறிவித்துவிட்டது.

பதில் (வியாசர்பாடி):
மண்டபத்துக் கூரையில் சோலார் போடச் சொல்லலாமே?

பதில் (ராயபுரம், ஜெனரேட்டர் மெக்கானிக்):
போடட்டும், நல்லதுதான். ஆனால் பேட்டரி இல்லாத சோலார், லைனில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறும் ஊழியரின் உயிருக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். இரவுக்கு பேட்டரியும் வேண்டும்.

பதில் (தண்டையார்பேட்டை):
மிகவும் நன்றி அண்ணா. இன்று எங்கள் மொட்டைமாடியிலிருந்து கயிறு விட்டு அளந்தோம். குழாயின் வாய் மண்டபத்துக் கூரைக்குப் பதினோரு அடி கீழே இருக்கிறது. அந்த அளவோடு, துடைத்த துணியையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் மனு கொடுக்கப் போகிறேன்.