ஊர்ப் பணத்தில் பொலிசுக்குக் கமரா வாங்கிக் கொடுக்கலாமா?

குளக்கட்டு:
ஊர்ப் பெயரைப் போடவில்லை, எங்கள் ஆட்களுக்கு விளங்கும். வெளிநாட்டுக் கிளை அனுப்பிய 18 இலட்சம் ரூபா கிராம அபிவிருத்திச் சங்கக் கணக்கில் கிடக்கிறது. நோக்கம் என்ற இடத்தில் "ஊரின் பாதுகாப்பும் நலனும்" என்று எழுதியிருக்கிறார்கள், அதற்குள் எதையும் திணிக்கலாம். டிசம்பருக்குள் செலவழித்துப் பற்றுச்சீட்டு அனுப்பாவிட்டால் அடுத்த தவணை வராது. இப்போது நிர்வாகத்தில் பாதிப்பேர், சந்தியில் 4, பாடசாலை வாசலில் 2, குளக்கட்டு வீதியில் 2 என்று 8 கமரா வாங்கிப் பொலிசிடம் ஒப்படைப்போம் என்கிறார்கள். பதிவுப் பெட்டியும் திரையும் பொலிஸ் நிலையத்தில்தான் இருக்குமாம். எனக்கு உடன்பாடில்லை. ஞாயிறு கூட்டத்துக்கு முன் இங்கே பேசுவோம்.

மாட்டுப்பட்டி:
தம்பி, உங்களுக்கு எத்தனை மாடு? எனக்கு 11 இருந்தது, இப்போது 8. கடைசியாகப் போனது சினைமாடு. விடிய எழும்பிப் போனால் கட்டையில் அறுத்த கயிறு தொங்குது, வாசலில் பட்டா வாகனத்தின், அதுதான் சின்ன லொறியின், சில்லுத் தடம். முறைப்பாடு கொடுக்கப் போனால் முதல் கேள்வி, "வாகன இலக்கம் தெரியுமா?" இரண்டு மணிக்கு வந்தவன் இலக்கத்தை எனக்குச் சொல்லிவிட்டா போவான்? சந்தியில் ஒரு கமரா இருந்திருந்தால் அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் இருந்திருக்கும்.

புளியங்காய்:
அக்கா சொல்வது சரி. கசிப்பு, ஐஸ் போதைப்பொருள், இரவில் ஓடும் மண் டிப்பர், எல்லாம் அந்தச் சந்தியால்தான் போகிறது. கொழும்பில் 2024 ஜனவரியிலிருந்து கமராவைப் பார்த்தே வீதி விதி மீறுபவர்களைப் பிடிக்கிறார்கள். அங்கே நல்லது, இங்கே கெட்டதா? பொலிஸ் ஒன்றும் செய்வதில்லை என்று திட்டுவதும் நாங்கள்தான், செய்யக் கருவி கொடுப்போம் என்றால் வேண்டாம் என்பதும் நாங்கள்தான்.

குளக்கட்டு:
அக்கா, மாடு போன வலியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சந்தியை ஒருதரம் நினைத்துப் பாருங்கள். பட்டா வாகனம் ஏ9 பெருவீதிக்கு ஏறுவதும் அதால்தான், மாவீரர் துயிலும் இல்லத்துக்குத் திரும்பும் மண் ஒழுங்கை தொடங்குவதும் அதில்தான். மாவீரர் நாளான நவம்பர் 27 பின்னேரம் யார் பூவோடு போனது, யாருடைய மோட்டார் சைக்கிளில் யார் ஏறினது, எந்தப் பிள்ளை பள்ளிக்கூடச் சீருடையோடு வந்தது என்று எல்லாம் அந்த நாலு கமராவிலும் விழும். இப்போது சிவில் உடையில் வருபவன் போனைத் தூக்கிப் படமெடுத்தால் முகத்தைத் திருப்பலாம், தாவணியை இழுத்து மூடலாம். கம்பத்துக்கு முன்னால் என்ன செய்வது? அதுவும் எங்கள் காசில் நட்ட கம்பம்.

பாலைப்பழம்:
இதைச் சொல்லத்தான் வந்தேன். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 இலிருந்து போராட்டம் இருந்தார்களே, அந்தக் கொட்டிலுக்கு எங்கள் பெரியம்மாவும் போய் வந்தவ. பிறகு வீட்டுக்கு இரண்டு பேர் வந்து, அன்றைக்குப் பக்கத்தில் நீலச் சேலையோடு இருந்தவ யார் என்று கேட்டார்கள். பெரியம்மா தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டா. அதற்குப் பிறகு நீலச் சேலை அந்தப் பக்கம் வரவில்லை.

புளியங்காய்:
அது உளவுத்துறை. நாங்கள் கொடுப்பது பொலிசுக்கு.

பாலைப்பழம்:
😂 சரி அண்ணை.

பர்மிங்காம்வாசி:
நான் அந்த 18 இலட்சத்தில் ஒரு பங்கு போட்டவன், அதனால் கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன். நான் இருக்கும் நகரத்திலேயே இது நடந்தது. 2010 இல் ஸ்பார்க்புரூக், வாஷ்வுட் ஹீத் என்று முஸ்லிம் மக்கள் அதிகம் வாழும் பகுதிகளில் 200க்கும் மேற்பட்ட கமராக்களைப் பூட்டினார்கள், அதில் மறைவானவையும் இருந்தன. சனத்துக்குச் சொன்னது வாகனக் களவு, போதைப்பொருள், தெருக் குழப்பம். ஆனால் சுமார் 30 இலட்சம் பவுண் வந்தது பயங்கரவாத எதிர்ப்புக்கென்று ஒதுக்கிய நிதியிலிருந்து. பத்திரிகையில் வெளிவந்த பிறகு சனம் கொதித்தது, கமராக்களைப் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டினார்கள், அடுத்த வருடம் கழற்றினார்கள். அமெரிக்காவில் ஓக்லண்டிலும் இதே மாதிரி, துறைமுகப் பாதுகாப்புக்கு வந்த மத்திய அரசு மானியத்தில் முழு நகரத்தையும் பார்க்கும் மையம் கட்டப் போனார்கள். சனம் மாநகரசபையில் வந்து நின்றது, 2014 மார்ச்சில் துறைமுகத்தோடு மட்டும் நிறுத்தினார்கள். 2018 இல் பொலிஸ் இப்படியான கருவி வாங்க முன் மாநகரசபையின் அனுமதி வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். இரண்டு இடத்திலும் கருவி வாங்கினது யாரோ கொடுத்த பணத்தில். தன் பையிலிருந்து எடுத்தால் பத்துத் தரம் கேட்பார்கள், வந்த காசு என்றால் முடிக்கிறதுதான் யோசனை. எங்கள் டிசம்பரும் அதுதானே.

புளியங்காய்:
ஓக்லண்டில் சபை பொலிசைக் கேள்வி கேட்கலாம். இங்கே?

குளக்கட்டு:
அண்ணை, நீங்களே என் பக்கம் வந்துவிட்டீர்கள். மாகாணங்களுக்கு அதிகாரம் பகிர அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் 1987 இல் வந்தது, மாகாணத்துக்குப் பொலிஸ் அதிகாரம் இன்றுவரை வரவில்லை. பிரதேச சபைத் தவிசாளர் பொலிஸ் பொறுப்பதிகாரிக்கு வணக்கம் சொல்லலாம், கணக்குக் கேட்க ஏலாது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இல் நிறைவேறியது, முக்கிய பகுதிகளை நடைமுறைப்படுத்துவதைத் தள்ளிப் போட்டார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டமோ 1979 இலிருந்து ஒரு நாள் தூங்காமல் இருக்கிறது. பெட்டியைக் கொடுத்த மறுநாள் அந்தப் படத்தை யார் பார்க்கிறார், எத்தனை நாள் வைத்திருக்கிறார் என்று நாங்கள் எங்கே போய்க் கேட்பது?

சைக்கிள்கடை:
அரசியலை விடுங்கோ, நான் கமரா வைத்திருப்பவன். இரவில் கமராவின் சிவப்பு வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், கண்ணாடிக்கு முன்னால் வலை கட்டும். என் கடை உடைந்த இரவுக்கான படத்தில் இருந்தது ஒரு சிலந்தியின் கால், திரை முழுக்க வெள்ளை. இன்னொரு தரம் ஆள் தெளிவாக விழுந்தான், சாட்சி என்று பெட்டியையே ஒரு நிலையத்தில் வாங்கி வைத்தார்கள், ஒன்றரை வருடமாகிறது. எட்டுக் கமரா வாங்கலாம். கிழமைக்கு ஒருக்கால் ஏணி வைத்துத் துடைப்பது யார், கரண்ட் பில் கட்டுவது யார்? சும்மா கேட்டேன்.

பர்மிங்காம்வாசி:
கமராவால் பயனே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2019 இல் வந்த, 40 வருட ஆய்வுகளைத் தொகுத்த அறிக்கையில் குற்றம் 13 வீதம் அளவில் குறைந்ததாக இருந்தது. கூடுதலாக வேலை செய்தது வாகனத் தரிப்பிடங்களில். சந்திக் கமராவுக்கு அதே பலனை எதிர்பார்க்க ஏலாது.

மாட்டுப்பட்டி:
எனக்குப் பதின்மூன்றும் தெரியாது, ஓக்லண்டும் தெரியாது. நீங்கள் எல்லாரும் வேண்டாம் என்று சொல்லி முடித்த பிறகு என் மீதி எட்டு மாட்டை யார் காப்பது?

குளக்கட்டு:
நியாயம் அக்கா. நான் யோசித்தது இது: கமரா நாலு போதும், பெட்டி பால் சங்கத்தில் இருக்கட்டும். களவு நடந்தால் முறைப்பாட்டு இலக்கத்தோடு பொலிஸ் எழுத்தில் கேட்கட்டும், அந்த நேரத்துத் துண்டை மட்டும் கொடுப்போம். மிச்சம் 10 நாளில் தானாக அழிய வைக்கலாம். மீதிக் காசில் வீதி விளக்கும், பட்டிக்கு முள்ளுக்கம்பியும்.

மாட்டுப்பட்டி:
பெட்டித் திறப்பு யாரிடம்? சங்கத்தில் இருப்பது நானும் இன்னும் மூன்று பெண்களும். கள்ளன் முதலில் வருவது எங்கள் வீட்டுக்கு. சிவில் உடையில் வருபவனும் எங்கள் வீட்டுக்குத்தான். எழுத்தில் கொண்டு வா என்று அவனிடம் நான் சொல்ல வேண்டுமா?

குளக்கட்டு:
அதை யோசிக்கவில்லை.

சைக்கிள்கடை:
கம்பத்தைச் சந்தியில் நடாமல் ஏ9 பக்கம் 200 மீற்றர் தள்ளி நட்டால்? வாகனம் விழும், மண் ஒழுங்கை விழாது.

புளியங்காய்:
கள்ளனும் அந்த ஒழுங்கையால் ஓடப் பழகுவான்.

சைக்கிள்கடை:
மாரியில் பட்டா வாகனம் அதில் புதையும் அண்ணை. கோடையில்தான் பிரச்சினை.

மாட்டுப்பட்டி:
என் சினைமாடு போனது ஐப்பசியில். 200 மீற்றருக்கு எனக்குச் சம்மதம், திறப்புக் கதையைக் கூட்டத்தில் எடுங்கோ. கூட்டம் எத்தனை மணிக்கு? நாலரை என்றால் பால் கறக்கிற நேரம், எங்கள் நாலு பேருக்கும் வர ஏலாது.