கைத்தையல் குவில்ட்டுக்கு எந்த வளையம் வாங்குவது?

கேள்வி (திருமங்கலம்):
பழைய மதுரைச் சுங்குடிச் சேலைகள் இரண்டை மேலும் கீழுமாக விரித்து, நடுவே பஞ்சுவிரிப்பு வைத்து, பேரனுக்குப் போர்வை தைக்கத் தொடங்கியிருக்கிறேன். எம்பிராய்டரிக்கு வாங்கிய 8 அங்குல பிளாஸ்டிக் வளையத்தில் மூன்று அடுக்கும் நிற்காமல் நழுவுகின்றன. திருகை இறுக்கினால் வளையமே கோணுகிறது. எதை வாங்கலாம்?

பதில்:
அம்மா, அது ஒற்றைத் துணிக்கான வளையம். குவில்ட்டுக்கென (நடுவே பஞ்சு வைத்து அடுக்காகத் தைக்கும் போர்வைக்கு) விற்கும் மர வளையம் தடிமனும் ஆழமும் கூடியது, திருகும் நீளமானது. அடியில் பிடிக்கும் கை நடுப்பகுதிவரை எட்ட வேண்டுமென்பதால் 14 அங்குலமே போதும். நான் ஆசைப்பட்டு 18 அங்குலம் வாங்கி, தோள்வலி தாளாமல் பரணில் ஏற்றிவிட்டேன். உள்வளையத்தில் பருத்தி நாடாவைச் சுற்றித் தைத்துவிட்டால் துணி நழுவாது.

வேறொரு பதில்:
அளவைவிட இறுக்கமே முக்கியம் என்பேன். தவில்போல இழுத்துக் கட்டினால், ஊசியைச் சாய்த்து ஒரே ஓட்டத்தில் மூன்று, நான்கு தையல்களை ஏற்ற முடியாது. மாட்டிய பின் உள்ளங்கையால் நடுவில் அழுத்திப் பாருங்கள். துணி சற்றே குழிய வேண்டும், கீழே வைத்த விரல்நுனி மேலே புடைத்துத் தெரிய வேண்டும். வளையம் மாட்டும் முன்பே முழுவதும் கச்சாத் தையல் (அடுக்குகள் நகராமலிருக்கப் போடும் தற்காலிகத் தையல்) ஓட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குச் செல்லுங்கள். அன்றன்றைய வேலை முடிந்ததும் வளையத்தைக் கழற்றிவிடுங்கள். பழைய துணியில் விழும் தடம் எளிதில் போகாது.

கேட்டவர்:
நன்றி. ஓரத்துக்கு வந்தால் வளையம் பிடிக்கத் துணி இருக்காதே?

பதில்:
பழைய வேட்டித் துண்டை ஓரத்தில் கச்சாவாக இணைத்துக்கொண்டு, தைத்து முடித்ததும் பிரித்துவிடுங்கள், அம்மா.