லீக் டெஸ்டிங்: 'கசிவுச் சோதனை' என்ற ஒரே சொல் போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

குளிர்பதன, ஏ.சி. பயிற்சிக் கையேட்டுக்கான சொற்பட்டியலில் லீக் டெஸ்டிங் முழுவதையும் 'கசிவுச் சோதனை' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடலாம் என்று யோசனை வந்திருக்கிறது. 'கசிவு' என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. 1984 போபால் துயரத்தை இன்றும் விஷவாயுக் கசிவு என்றுதான் சொல்கிறோம். அதனால் வாயுவுக்கு இந்தச் சொல் பொருந்துமா என்று தயங்க வேண்டியதில்லை. ஒழுகலும் ஒழுக்கும் தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் இருக்கட்டும். எனக்கு இடிப்பது 'சோதனை' என்ற பாதிதான். அந்தப் பெயரில் மெக்கானிக் செய்வது ஒரு வேலை அல்ல, வெவ்வேறு மூன்று வேலைகள். கையேடு ஒரே பெயர் கொடுத்தால், பயிற்சிக்கு வரும் பையன் ஒன்றைச் செய்துவிட்டு மூன்றையும் முடித்ததாக நினைத்துக்கொள்வான்.

வேலை நடக்கும் இடத்தில் காது கொடுத்துக் கேட்டால் மூன்றும் தனித்தனியாகவே இருக்கின்றன. 'பிரஷர் ஏத்து' என்பார்கள். அப்புறம் 'நிறுத்தி வை, நிக்குதான்னு பார்ப்போம்' என்பார்கள். நிற்கவில்லை என்றால் 'லீக் எங்கேன்னு தேடு'. ஐ.எஸ்.ஓ. 5149, ஐரோப்பாவின் ஈ.என். 378 ஆகிய பாதுகாப்புத் தரநிலைகளும் முதல் இரண்டையும் தெளிவாகப் பிரித்துத்தான் வைத்திருக்கின்றன. தொழிலாளியின் பேச்சிலும் தரநிலையிலும் இருக்கிற வேறுபாட்டை நம் பட்டியல் அழித்துவிடக் கூடாது.

முதல் வேலைக்குத் 'தாங்குதிறன் சோதனை' என்று வைக்கலாம். குழாயும் பற்றவைத்த இணைப்புகளும் அனுமதித்த உச்ச அழுத்தத்துக்கும் சற்று மேலே போனாலும் உடையாமல், பிதுங்காமல் தாங்குகின்றனவா என்று பார்ப்பது இது. இதில் சொல்லைப் பற்றிப் பெரிய சண்டை தேவையில்லை. ஆனால் விளக்க வரியில் 'உலர் நைட்ரஜன்' என்பது கட்டாயம் வர வேண்டும். நைட்ரஜன் சிலிண்டர் கைவசம் இல்லையென்று பற்றவைக்கும் ஆக்சிஜனையே ஏற்றுகிறவர்கள் உண்டு. உயர் அழுத்த ஆக்சிஜன் கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும், உயிர் போகும். சொற்பட்டியலில் அதைச் சொல்வது அதிகப்பிரசங்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இரண்டாவதுதான் உண்மையில் பெயருக்குத் தவிக்கிறது. அழுத்தத்தைச் சோதனை அளவுக்கு இறக்கி, வால்வை மூடி, பெரிய அமைப்பென்றால் 24 மணி நேரம் விட்டு, அழுத்தம் காட்டும் கேஜின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பது. இதற்கு 'இறுக்கச் சோதனை' என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. இறுக்கம் என்றதும் நம் ஆட்களின் கை ஸ்பேனருக்குத்தான் போகும். நட் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பது வேறு வேலை. போதாததற்கு, பிளேர் நட்டை அளவு மீறி இறுக்கினால் செம்புக் குழாயின் விரித்த வாய் நசுங்கி, அதுவே கசிவுக்கு வழி செய்யும். ஆளைத் தப்பான பக்கம் திருப்பிவிடுகிற சொல் வேண்டாம்.

நான் முன்வைப்பது 'கசிவின்மைச் சோதனை'. கசிவே இல்லாத இணைப்பு உலகத்தில் உண்டா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். கண்டிப்பாகக் கணக்குப் பார்த்தால் இல்லைதான். ஆனால் இங்கே இன்மை என்பது 'வரையறுத்த அளவுக்குக் கீழே' என்ற பொருளில் வருகிறது. விளக்க வரியை இப்படி எழுதலாம்: உலர் நைட்ரஜன் நிரப்பி மூடிய அமைப்பில், வெப்பநிலை மாற்றத்தைக் கழித்துப் பார்த்த பிறகும் அழுத்தம் குறையாமல் நிற்கிறதா என்று அறிவது.

'வெப்பநிலை மாற்றத்தைக் கழித்து' என்பதை விட்டுவிட வேண்டாம். சாயங்காலம் 34 டிகிரியில் 500 பி.எஸ்.ஐ. அழுத்தம் வைத்து மூடிவிட்டுப் போகிறோம். மறுநாள் காலை 26 டிகிரியில் கேஜ் ஏறத்தாழ 487 காட்டும். ஒரு துளி வாயுகூட வெளியே போகவில்லை, குளிர்ந்ததால் அழுத்தம் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். இது தெரியாதவர் நல்ல இணைப்பையெல்லாம் அறுத்துப் பிரித்துக்கொண்டிருப்பார். தெரிந்தவர் மூடும்போதே வெப்பநிலையையும் டேப் ஒட்டி எழுதி வைத்துவிட்டுப் போவார்.

'வெற்றிடச் சோதனை'யையும் இதே தலைப்பில் சேர்க்கலாமே என்ற கருத்தும் வந்தது. வேண்டாம் என்பதே என் முடிவு. பம்பால் உள்ளே இருப்பதை உறிஞ்சி வேக்கம் எவ்வளவு போட்டாலும் உள்ளுக்கும் வெளிக்கும் இருக்கும் வேறுபாடு ஒரு வளிமண்டல அழுத்தம்தான், 14.7 பி.எஸ்.ஐ. ஆர்-32 என்ற குளிர்பதன வாயு ஓடும் ஏ.சி.யில் வெளி யூனிட்டின் குழாய்ச் சுருள் (காயில்) 50 டிகிரியில் இருந்தால் உள்ளே அழுத்தம் சுமார் 30 பார், அதாவது ஏறக்குறைய 440 பி.எஸ்.ஐ. பழைய ஆர்-22-க்கு அதே வெப்பத்தில் 18 பார் போலத்தான். வெற்றிடத்தில் நின்ற இணைப்பு 440-ல் நிற்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. வேக்கம் போடுவதன் முதல் நோக்கம் ஈரத்தை வெளியேற்றுவது. பம்பை நிறுத்திய பிறகு அழுத்தம் கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டால் உள்ளே ஈரம் மிச்சம் இருக்கலாம், நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு. இந்தத் தகவல் பயனுள்ளது, அதற்கு 'வெற்றிட நிலைப்புச் சோதனை' என்று தனிப் பதிவு கொடுப்போம். கசிவின்மைச் சோதனைக்கு மாற்றாக மட்டும் எழுதிவிட வேண்டாம்.

மூன்றாவது வேலைக்கு 'சோதனை' என்ற சொல்லே கூடாது. அது தேடல். 'கசிவு தேடல்' என்று எளிமையாக வைப்போம், பையன்கள் வாயில் நிற்கும். சோப்பு நுரையைத் தடவிவிட்டு உடனே அடுத்த இணைப்புக்குப் போகிறவர் தேடுகிறவர் அல்ல. பெரிய கசிவென்றால் குமிழி உடனே வெடித்துச் சிதறும். சின்னக் கசிவில் நட்டின் விளிம்பில் வெள்ளையாகப் பொடிநுரை மெல்லச் சேரும், அதற்குச் சில நிமிடம் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். செம்பில் எண்ணெய்க் கறை படிந்து அதில் தூசி ஒட்டியிருந்தால் தேடலை அங்கிருந்து தொடங்கலாம், ஏனென்றால் வாயுவோடு எண்ணெயும் வெளியேறும். உள் யூனிட் காயிலில் கண்ணுக்கே தெரியாத ஓட்டைகளும் வரும். கரிம அமிலமும் ஈரமும் செம்பை உள்ளுக்குள்ளே கிளைகிளையாக அரிப்பதால் வருபவை இவை. இந்த அரிப்புக்கு 'எறும்புப்புற்று அரிப்பு' என்ற பெயரைப் பட்டியலில் சேர்க்கலாம். குறுக்கே வெட்டிப் பார்த்தால் அப்படியேதான் இருக்கும்.

தேடலைத் தனிச்சொல்லாகப் பிரிக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வருடா வருடம் கோடையில் 'கேஸ் கம்மியா இருக்கு' என்று டாப்-அப் செய்துவிட்டுப் போகிற வழக்கம் நம் ஊரில் ஊறிப்போயிருக்கிறது. கேஸ் தானாகத் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. குறைந்தால் எங்கேயோ வழி இருக்கிறது. ஒரு கிலோ ஆர்-410ஏ வெளியேறினால், பூமியைச் சூடாக்குவதில், நூறாண்டுக் கணக்கில், இரண்டு டன்னுக்கும் மேலான கரியமில வாயுவுக்குச் சமம். பில்லில் 'கசிவு தேடல்' என்று ஒரு வரி இருந்தால், தேடினீர்களா என்று வீட்டுக்காரர் கேட்க முடியும்.

கருவிப் பெயர்களுக்கு வருகிறேன். கையில் பிடித்து இணைப்பு இணைப்பாக நகர்த்தும் மின்னணுக் கருவிக்குக் 'கசிவுமானி' சரிவராது. மானி என்றால் அளக்க வேண்டும். இது 'இங்கே இருக்கிறது' என்று கத்துகிறதே தவிர எவ்வளவு என்று பெரும்பாலும் சொல்வதில்லை. அதைக் 'கசிவுகாணி' என்போம். குளிர்க்கிடங்கில் சுவரில் நிரந்தரமாக மாட்டியிருப்பது 'கசிவுணரி'. தொழிற்சாலையில் ஹீலியத்தை வைத்துக் கசிவு வீதத்தை எண்ணாகவே தரும் கருவிக்குக் 'கசிவுமானி' என்ற பெயரை வைத்துக்கொள்ளலாம். சுடரின் நிறத்தால் கசிவைக் காட்டும் பழைய ஹாலைடு விளக்கையும் பட்டியலில் ஏற்றலாம், ஆனால் குறிப்போடு. குளோரின் உள்ள ஆர்-12, ஆர்-22 போன்றவற்றுக்குத்தான் அதன் சுடர் பச்சையாகும். ஆர்-134ஏ, ஆர்-32 இரண்டிலும் குளோரின் இல்லை, சுடர் நிறம் மாறாது. அதிலும் ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும் வகை, ஆர்-290 புரொப்பேனேதான். அவற்றின் பக்கத்தில் சுடரைக் கொண்டுபோகவே கூடாது.

அமோனியாவில் ஓடும் ஐஸ் பிளான்ட், மீன் பதன நிலையங்களுக்கான சொற்கள் இன்னும் பட்டியலில் வரவில்லை. அங்கே மூக்கே முதல் கசிவுகாணி. இடத்தைத் துல்லியமாகப் பிடிக்க எரியும் கந்தகக் குச்சியை அருகில் காட்டுவார்கள், அமோனியா இருந்தால் வெள்ளைப் புகை எழும். ஈரமான சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாகும். தூத்துக்குடி, நாகப்பட்டினம், யாழ்ப்பாணப் பக்கத்து நண்பர்கள் அங்கே வேலை செய்பவர்களிடம் இந்தக் குச்சிக்கும் புகை பார்ப்பதற்கும் என்ன பெயர் வழங்குகிறது என்று கேட்டு எழுதினால், அந்தப் பகுதியை அந்தச் சொற்களிலிருந்தே தொடங்கலாம்.